தவிட்டுக்கு வாங்கிய மகளுக்கு விசா

“...ரத்தந்தானக்கா கேக்குறாக, எடுத்துட்டுப் போகட்டும். என் தங்கச்சி உடம்புல ஓடுறதும் என் உடம்புல ஓடுறதும் ஒரே ரத்தந்தானே. மாறியா போயிரும்?”

சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா, மாவு புளித்துவிட்டது என்று சொல்வதுபோல இதைச் சொன்னாள். அவளுடைய மகளுக்கு அவள்தான் தாய் என்று நிரூபிக்க டிஎன்ஏ சோதனை வேண்டும் என்று அன்று காலைதான் கனடா விசா ஆபீஸிலிருந்து எனக்கு மெயில் வந்திருந்தது. ‘சும்மா சரிபார்க்கத்தான் கேட்பார்கள், பயப்படாதே’ என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தங்கச்சி என்ற வார்த்தை வந்து விழுந்தது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும், புருஷனிடம் போகிற பெண்களுக்கும் விசா விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதற்கென்று நான் எங்கேயும் படித்ததில்லை. டைப்பிங் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு படிவமாகத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்கள் சொல்வதை டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பது என் பழக்கம். ‘புயலுக்காவது பாம்பன்ல கூண்டு ஏத்துவாக, உங்க மெயிலுக்கு ஒண்ணும் ஏத்த மாட்டேங்குறாகளே’ என்று ஒரு மீன்காரர் சொன்னது அதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கும் எந்தக் கூண்டும் ஏறவில்லை.

அவள் புருஷன் கனடாவில் வெல்டர். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பம். மகளுக்குப் பதினாலு வயது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், எல்லாவற்றிலும் அம்மா என்ற இடத்தில் இவள் பெயர்தான். பிறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை. வீட்டிலேயே பிரசவம், பதியாமல் விட்டுவிட்டோம் என்றாள். நானும் அப்படியே எழுதி அனுப்பினேன். அதனால்தான் சோதனை கேட்டிருக்கிறார்கள்.

படிவம் நிரப்பிய நாள் இப்போது கண்முன் வந்தது. மகள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையா, தத்துப் பிள்ளையா என்று இரண்டு கட்டம் வந்தது. ‘இதென்ன பெரியம்மா, என்னைய எங்கனயும் ரோட்டுல கிடந்தா எடுத்தாக?’ என்று சிரித்துக்கொண்டே முதல் கட்டத்தில் அவளே டிக் அடித்தாள். நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். ‘நீ பெத்த பிள்ளையா?’ என்று ஒரு தாயிடம் கேட்க நம் ஊரில் யாருக்கு நாக்கு வரும்? எனக்கும் வரவில்லை. கேட்டிருக்க வேண்டியது என் வேலை.

இப்போது கேட்டேன். தயக்கமே இல்லாமல் சொன்னாள். கல்யாணமாகி ஏழு வருஷம் இவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சிக்கு மூன்றாவதும் பெண். குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்து, பிள்ளையை முறத்தில் கிடத்தி, தங்கச்சி மடியில் ஒரு படி தவிட்டைக் கொட்டிவிட்டு இவள் தூக்கிக்கொண்டாள். அதோடு முடிந்தது. தவிட்டுக்கு வாங்கின பிள்ளையைத் திருப்பிக் கேட்கிற பேச்சே எங்கள் பக்கம் கிடையாது.

“காயிதம் எதுவும் எழுதுனீகளா?”

“பூசாரி இருந்தாரு, ஊரே இருந்துச்சு. காயிதம் எதுக்குக்கா?”

பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. பெற்றவளை அது சித்தி என்றுதான் கூப்பிடுகிறது.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெராக்ஸ் எடுக்க அனுப்பியிருந்த மகள்தான் வருகிறாள் என்று பதறி, மேஜையில் கிடந்த மெயில் பிரிண்ட்டைக் கீபோர்டுக்கு அடியில் தள்ளினேன். யாரோ மேல்மாடிக்குப் போனார்கள்.

குரலைத் தாழ்த்தி அவளுக்கு விளக்கினேன். அந்தச் சோதனை குடும்பத்தைப் பார்க்காது, யார் வயிறு என்றுதான் பார்க்கும். தகப்பனுக்கும் அங்கே எடுப்பார்கள். இரண்டுமே பொருந்தாது. பொய் சொன்னதாக முடிவு செய்தால் பல வருஷத்துக்கு அம்மாவுக்கும் மகளுக்கும் அந்த நாட்டுக் கதவு அடைபடும். புருஷன் வேலைக்கே ஆபத்து வரலாம். விண்ணப்பம் தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

“அப்ப அது எம் மக இல்லேன்னு சொல்லிருமா?”

“நீ பெக்கலேன்னு சொல்லும் தாயி.”

அவள் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்குப் பதிலாகத் தங்கச்சி வந்து ரத்தம் கொடுத்தால் ஆகாதா, இருவருக்கும் ஒரே முகஜாடைதான் என்றாள். பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, போட்டோ எடுத்துவிட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள், அது இன்னும் பெரிய குற்றம் என்றேன். முடியும் என்று சொல்கிற ஆளும் இந்த ஊரில் இருக்கத்தான் செய்வான். இவள் இங்கிருந்து இறங்கி அவனிடம் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

ஒரே வழிதான் இருந்தது. வக்கீலைப் பார்த்து, தங்கச்சியும் அவள் புருஷனும் கையெழுத்துப் போட்டு, தவிட்டுக்கு வாங்கியதை நடந்தபடி எழுதி அனுப்புவது. விசா ஆபீஸில் அதை ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது. வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் கடிதத்தையெல்லாம் அதுதான் படித்துச் சொல்கிறது.

“தெரிஞ்சா எங்கிட்ட முன்ன மாதிரி இருக்குமாக்கா?”

ஊரார் பேச்சையெல்லாம் டைரியில் சேர்த்து வைத்திருந்தேன்; அந்த நேரத்துக்கு உதவ அதில் ஒரு வரி இல்லை.

மகள் ஜெராக்ஸ் தாள்களோடு உள்ளே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

“என்ன ரெண்டு பேரும் எழவு வீட்டுல இருக்க மாதிரி இருக்கீக? லெட்டர் வந்திருக்காமுல்ல, எங்க பெரியம்மா? குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன் அம்மாவுக்கு.”

பிரிண்டரில் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று நான் எதையோ உளறினேன். என் கை கீபோர்டை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். என் கையை மெல்ல விலக்கி, கீபோர்டுக்கு அடியிலிருந்து தாளை உருவி மகளிடம் கொடுத்தாள். அது முதல் வரியைப் படிக்க ஆரம்பித்ததும், அதன் துப்பட்டா முனையை எடுத்துத் தன் விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.