வெள்ளை விழுந்த எருமை

ஓசூரில் கம்பெனிகள் வந்து லைன் வீடுகள் பெருகிய எண்பதுகளில், முனிலட்சுமி எருமையையே வாசலுக்கு ஓட்டிவந்து பால் கறந்து கொடுத்தாள். கேனில் கொண்டுவந்தால் தண்ணீர் கலந்துவிட்டாள் என்பார்கள், அதற்குத்தான் இந்தப் பாடு. புருஷன் செத்துப் போயிருந்தான். அந்த எருமையும் மகள் வீரலட்சுமியும்தான் அவளுக்குக் குடும்பம்.

ஒரு கோடையில் எருமையின் மூக்கைச் சுற்றித் தோல் வெளுத்தது. பிறகு கண்ணோரம், பிறகு மடி. வாசலில் நின்று கறந்ததால் எல்லாரும் கண்ணாரப் பார்த்தார்கள். வெண்குஷ்டம் என்று எந்தப் புண்ணியவதி முதலில் சொன்னாளோ, ஒரே வாரத்தில் லைன் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது.

முனிலட்சுமி எருமையை மாட்டு டாக்டரிடம் ஓட்டிப்போனாள்.

"இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா. நோயை எதுக்குற சக்தி ஒடம்புல இருக்குதே, அது தடம் மாறிப்போயி தோலோட கறுப்பையே அழிக்குது. பாலுக்கு ஒரு கெடுதலும் இல்ல" என்றார் அவர்.

அதை அப்படியே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "டாக்டர்கிட்ட ஓட்டிட்டுப் போற அளவுக்கு முத்திப்போச்சா?" என்று கேட்டார்கள். இந்த ஜனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

கம்பெனி கேட்டருகே டீக்கடை வைத்திருந்த மெஹபூப் பாஷாதான் கைகொடுத்தார். "எம் பொண்டாட்டிக்கே கையில வெள்ளை இருக்குது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ கையாலதான் சாப்புடுறேன். கொண்டாம்மா பாலை" என்றார். கதவைச் சாத்தியவர்களின் புருஷன்மார்கள் ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேதான் நின்று, டீ திக்காக இருக்கிறதென்று இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். அது எந்த எருமைப் பால் என்று பாஷா சொல்லிக்கொள்ளவே இல்லை.

அடுத்த வருஷம் வீரலட்சுமிக்கு வரன் வந்தது. பையன் மத்தூர்க்காரன், கம்பெனியில் ஃபிட்டர், நல்ல மாதிரி. முனிலட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. பையனின் அம்மா ரங்கம்மா வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"எருமைக்கு வெள்ளையாமே? பொண்ணும்தான் பால் கறக்குதாமே?"

முனிலட்சுமி டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"டாக்டர் சொல்வாரு. நாலு பேருக்கு நாங்கதானே பதில் சொல்லணும்? அதைச் சந்தையில தள்ளிவிட்டுடுங்க, தேதி குறிச்சுடலாம்."

குந்தாரப்பள்ளிச் சந்தையில் அந்த எருமையை வளர்க்க யாரும் வாங்கப்போவதில்லை. கறிக்குத்தான் போகும், அது அங்கிருந்த மூன்று பேருக்குமே தெரியும். ஆனாலும் பெண்ணைக் கரையேற்ற வேண்டாமா? முனிலட்சுமி சரியென்று தலையாட்டினாள்.

கதவோரம் நின்ற வீரலட்சுமி முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"வித்துடலாம் அத்தை. நாளைக்கு எனக்கும் இப்பிடி வெள்ளை விழுந்தா, என்னை எந்தச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போவீங்க?"

"என்னாடி வாய் இது!" என்ற ரங்கம்மா, மகளை அதட்டட்டும் என்று முனிலட்சுமியைப் பார்த்தாள்.

முனிலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. அழவில்லை. காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கெளம்புங்க அண்ணி. நீங்க குடிச்சது அந்த எருமைப் பாலுதான். ஒண்ணும் ஆவாது, பயப்படாம போங்க."