பார்வதி அக்காவுக்குப் பதிலாகப் போனவள்

என் ஓரகத்தி பார்வதியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் குறைதான் சொல்வேன். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டித் திறந்து வழித்தெடுக்கும் ஆள் அவர். காலண்டர் தாளைக் கிழித்துப் போட விட மாட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதாம். புனே ஏரவாடாவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

ஆனால் எங்கள் சந்தில் எந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டாலும் ஆள் வந்து தட்டுவது அவர் கதவைத்தான். மராட்டிக்காரி, தெலுங்குக்காரி, நம்மவள் என்ற பேதமே கிடையாது. ரிக்‌ஷா பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், நர்ஸிடம் தமக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் சண்டை போட்டு, பிரசவ அறைக்குள் நுழைந்து பக்கத்தில் நின்றுவிடுவார். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் நின்றார். என்னைப் பெற்றவள் வேலூரிலிருந்து ரயில் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் தீபா கோலாலம்பூரில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அவள் கணவன் முரளிக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. தீபா விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாது, தாய்தான் போக வேண்டும். இது 2004-ல்.

அக்காவிடம் பாஸ்போர்ட் இருந்தது. கோர்படியில் லேத் பட்டறையில் வேலை பார்த்த அவர் கணவர் பரமசிவம் ஒரு காலத்தில் துபாய் போகிறேன் என்று கிளம்பி, இருவருக்கும் சேர்த்து வாங்கி வைத்தார். அந்தப் பேச்சு பேச்சோடு நின்றுபோனது. பாஸ்போர்ட் மட்டும் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது. அடுத்த ஜனவரியோடு அதன் பத்து வருடம் முடிகிறது. புதுப்பித்துவிடு என்று தீபா போனில் கெஞ்சினாள்.

"இன்னும் ஆறு மாசத்துக்கு மேல கெடக்குதேடி. ஒரு முத்திரகூட விழல. உசுரோட இருக்கறத எதுக்குத் தூக்கிப் போடணும்? ஒருவாட்டியாவது அதுவும் ஊரப் பாக்கட்டும்" என்றார் அக்கா.

ஜூன் மாதம் மலேசிய விசாவும் கிடைத்துவிட்டது. அப்புறம் அவரை யார் கையில் பிடிப்பது? நான் சொன்னேனா இல்லையா என்று சந்து முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். ஜூலையில் கிளம்ப வேண்டியவர், பரமசிவத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று ஆனதும் டிக்கெட்டை ஆகஸ்டுக்கு மாற்றினார். அந்தத் தாமதம் என்ன செய்யும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மும்பை விமான நிலையத்துக்கு வழியனுப்ப நான் போயிருந்தேன். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வரிசையில் அக்காவுக்கு முன்னால் பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு சின்னப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். வரிசை நகர்வதற்குள் அக்கா அவள் வரலாறு முழுவதையும் கறந்துவிட்டார். பெயர் ஷபானா. புனே கேம்ப்பில் அவள் அப்பாவுக்குச் செருப்புக் கடை, அம்மா ஆம்பூர்க்காரி. கோலாலம்பூரில் காலேஜில் சேரப் போகிறாள். வீட்டை விட்டுத் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை.

ஷபானாவுக்கு வேலை சுலபமாக முடிந்தது. அக்காவின் முறை வந்ததும் கவுண்ட்டர் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினாள், பிறகு தலையை ஆட்டினாள். போய் இறங்கும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதத்துக்காவது பாஸ்போர்ட் செல்ல வேண்டுமாம். இதில் ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. விசா இருந்தாலும் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏற்ற முடியாது என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கயிற்றுக்கு மேலாகவே கத்தினேன். அக்கா கையமர்த்தினார்.

"அந்தப் பொண்ண ஏன்டி திட்டற? அது வேலைய அது பாக்குது."

முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. நானாக இருந்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பேன். அவரோ திரும்பி, தமக்காக அழுதுகொண்டிருந்த ஷபானாவைப் பார்த்தார்.

"ஏய், இங்க பாரு. உனக்கு அங்க யாரும் இல்லன்னு சொன்னியே."

"இல்ல ஆன்ட்டி. ஹாஸ்டல் மண்டேதான் தொறக்கும். அதுவரைக்கும் கஹான் ரஹூன், எங்க தங்கறதுன்னு தெரியல."

"அப்ப என் பொண்ணு வீட்டுக்குப் போ. அவ ஏர்போர்ட்டுக்கு வெளிய நிப்பா. வயித்தப் பாத்தாலே தெரிஞ்சுக்கலாம். அவளுக்கும் தொணைக்குப் பொம்பள யாரும் இல்ல."

வெளியே வந்ததும் நேராக டெலிபோன் பூத்துக்குப் போய் மருமகனைக் கூப்பிட்டார். "மாப்ள, நான் வரல. பாஸ்போர்ட்டு செல்லாதாம். எனக்குப் பதிலா ஒரு பொண்ணு வருது. பச்சத் துப்பட்டா. பயந்து போயிருக்குது, மொதல்ல சாப்பாடு போடுங்க" என்றார். அந்தப் பக்கம் முரளிக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது.

பஸ் பிடித்துப் புனே திரும்பினோம். மறுநாள் காலையிலேயே அக்கா பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் போய் நின்றார்.

தத்காலில் விண்ணப்பித்தும் இழுத்துக்கொண்டே போயிற்று. இதற்குள் ஷபானா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஆனால் சனிக்கிழமைதோறும் தீபா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. ஷபானா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். நாள் இருக்கும்போதே தீபாவுக்கு வலி வந்துவிட்டது. முரளி வேலையாகப் பினாங்கு போயிருந்தான்.

"ஆன்ட்டி, கூட ஒருத்தர் உள்ள வரலாம்னு சொல்றாங்க. நீ யாருன்னு கேக்கறாங்க."

"தங்கச்சின்னு சொல்லு."

"நம்புவாங்களா ஆன்ட்டி? என் நாம், பேரு பார்த்தாலே…"

"நம்பலன்னா போன அவங்ககிட்ட குடு, நான் பேசிக்கறேன். நீ உள்ள போ. கையப் புடிச்சிக்க. அவ என்ன கத்தினாலும் விடாத."

போனை வைத்தார். சோர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தறியாத மனுஷி, போனுக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "எவ எவளுக்கோ போய் நின்னேனே. எனக்குப் பொறந்தவ கிட்ட நிக்க முடியலையே" என்று என் தோளில் விழுந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன்.

மறுபடி போன் அடித்தபோது சாயங்காலமாகிவிட்டது. பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று ஷபானா தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டார்.

புதுப் பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்து அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததைத் தீபாதான் எனக்குச் சொன்னாள். வாசலிலேயே குழந்தையை நீட்டியிருக்கிறாள். அக்கா வாங்கவில்லையாம். பக்கத்தில் நின்ற ஷபானாவின் கையைப் பிடித்து இழுத்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பார்த்தாராம். முழங்கைக்குக் கீழே தீபாவின் ஐந்து நகமும் பதிந்த தடம் கறுத்துப் போய் இன்னும் மறையாமல் இருந்ததாம். அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே ஷபானாவிடம் கேட்டாராம்:

"ரொம்ப வலிச்சுதாடி, கண்ணு?"