மாலை போட ஒரு படம்

ஆறாம் வகுப்போட நின்ன நான் ஈப்போவில் ரெண்டு போட்டோ கடை போட்டேன், கல்லு வீடு கட்டினேன், மூணு பிள்ளைகளைக் கரையேத்தினேன். அப்பேர்ப்பட்ட என்னை, இன்னிக்கு வீட்டில் அச்சார் ஊறுகாய்க்கு ஊத்தின வினிகர் வாசனை உட்கார விடலை. சுங்கை சிப்புட்டில் மாமா ஸ்டூடியோவின் இருட்டறையில், படம் கழுவுற மருந்துக்கு இதே வாசனைதான். சிவப்பு விளக்கடியில் தண்ணிக்குள்ள முகங்கள் மெல்ல மெல்லத் தெளியும், வெளியே லாரிகள் உறுமும், ரப்பர் தோட்டத்துச் சனங்க படம் பிடிக்கப் பவுடர் பூசிக் காத்திருப்பாங்க.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பேப்பரில், பிலிமே இல்லாத கேமரா வந்தாச்சு, இனி படத்தை டிவியில் பார்க்கலாம், ஸ்டூடியோக்களுக்குச் சீக்கிரமே பூட்டுன்னு போட்டிருந்தான். மாமா முகம் செத்துப்போச்சு.

"கடைய வித்துட்டு லாரி ஓட்டப் போறேன்லா."

"செத்தவங்களுக்குப் போடுற மாலைய டிவிக்கா மாமா போடுவாங்க?"

பன்னிரண்டு வயசில் நான் கேட்டது அது. "வாயப் பாரு இவனுக்கு!"ன்னு சிரிச்சார், கடையை விக்கலை. பேப்பர்காரன் சொன்னது நடக்க இருபது வருஷமாச்சு. அதுவரைக்கும் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கடை. இப்போ அங்கே கைப்பேசி விக்கிறாங்க.

கடை நிலைச்சதுக்குத் தன் அப்பாவோட துணிச்சல்தான் காரணம்னு மாமா மகன் கோயில் திருவிழா மலரில் எழுதுறானாம். எழுதட்டும். மாமா இன்னிக்கு அவன் வீட்டுச் சுவரில் படமா, மாலையோட இருக்கார், டிவியில் இல்லை. அதை அன்னிக்கே சொன்னவன் நான்னு, என் பேரைப் போட்டு எழுதணும்.