சங்கையா சொல்ல மாட்டேன் என்ற பேர்

ராஜபாளையத்தில் பல பேருடைய சாவை ஊருக்குச் சொன்னவர் சங்கையா. சுப்புராஜ் சவுண்டு சர்வீஸ் ஆட்டோவில் இருபத்திரண்டு வருஷம் மைக் பிடித்தவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, குடிதண்ணீர் வராத நாள், பூக்குழித் திருவிழா எல்லாமே அவர் குரலில்தான் தெருத்தெருவாகப் போகும். ஆனாலும் சாவுச் சேதிக்குத்தான் அவரைத் தேடி வருவார்கள். பேச ஆரம்பிக்குமுன் செருப்பைக் கழற்றி வைப்பார். ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். இறந்தவர் பேரை அவசரமில்லாமல், முழுசாகச் சொல்லுவார். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே மரியாதைதான். அதற்காகவே கடவுள் அவரை நல்லபடியாக வைத்திருப்பார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் வீட்டுச் சாவைத் தன் வாயால் மைக்கில் சொல்லக்கூடாது. அது குடும்பத்துக்கு ஆகாது, தன் கையாலேயே குழி வெட்டின மாதிரி என்பார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே தொழில் பார்க்கும் சிவபாண்டியோடு ஒரு பேச்சு வைத்திருந்தார். அவர் வீட்டில் சாவு விழுந்தால் இவர் போய்ச் சொல்ல வேண்டும், இவர் வீட்டில் விழுந்தால் அவர் வந்து சொல்ல வேண்டும். சிவபாண்டியின் அப்பா இறந்த அன்று கொட்டுகிற மழையில் நான்கு ரத வீதியும் சுற்றிச் சொல்லிவிட்டு வந்தார் சங்கையா. பாக்கி இருந்தது இவர் வீடு.

இவர் வீட்டில் இருந்தது மனைவி பிச்சையம்மாள் ஒருத்திதான். பஞ்சாலையில் வேலை பார்த்த பொம்பளை. இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். இன்னும் எம்புட்டு நாள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, துணைக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரி என் காதுபடவே அவரிடம் சொன்னாள்.

"நான் போனா சிவபாண்டி தம்பி சொல்லட்டும். நீங்க சொல்லிராதீக. உங்க வாய் என்னைய வையுறதுக்கு மட்டும் இருக்கட்டும்."

"ஏட்டி, சும்மா வா," என்றார் சங்கையா. வீட்டில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் ஏட்டிதான்.

சுப்புராஜ் பக்கவாதத்தில் படுத்த பிறகு கடை அவர் மகன் கௌதம்ராஜ் கைக்கு வந்தது. இன்ஜினியரிங் படித்தவன். ஆட்டோவில் ஒரு ஆள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துவதெல்லாம் பழைய காலம், ஒரு தடவை ரெக்கார்டு பண்ணி வைத்துக்கொண்டால் டிரைவரே ஓடவிட்டுக்கொண்டு போவான் என்றான். லேப்டாப் ஒன்றும், வயர் இல்லாத ஹெட்செட் ஒன்றும் வாங்கினான். வாய்க்குப் பக்கத்தில் சின்ன மைக் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட்செட். நாற்பது தெருப் பேரும், முப்பது வாக்கியமும் பேசிக் கொடுக்கச் சொன்னான். சாவு வாக்கியமும் அதில் உண்டு.

சங்கையா ஒன்றுதான் கேட்டார். ஆட்கள் பேர் எதையும் அதில் பேச மாட்டேன். பேர் வருகிற இடத்தைக் காலியாக விடுகிறேன், அதை டிரைவர் சொல்லிக்கொள்ளட்டும் என்றார். எதற்கு என்று கௌதம்ராஜ் கேட்க, தன் வீட்டு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார். அங்கேதான் தப்புப் பண்ணினார் என்று இப்போது தோன்றுகிறது. அவன் சிரித்துவிட்டுச் சரி என்றான்.

ஆனால் ஹெட்செட்டில் அவர் குரல் ஏறவே இல்லை. காதில் பாட்டு கணீரென்று கேட்கிறது. பேசினால் லேப்டாப்பில் கோடு அசையவில்லை, நேராகப் படுத்துக் கிடக்கிறது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தார்கள். மைக்கை அமர்த்துகிற பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். கௌதம்ராஜ் தன் போனோடு அதைச் சேர்த்துப் பேசிப் பார்த்தான், எதிராளிக்கு நன்றாகக் கேட்டது. லேப்டாப்பில் மட்டும் ஒன்றும் இல்லை. மூன்று நாள் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, சாவு வாக்கியத்தையே திரும்பத் திரும்பப் பேச வைத்தார்கள். டிரைவர் நவநீதகிருஷ்ணனும் கடைக்கு வந்து போகிறவர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஊருல அம்புட்டுச் சாவையும் சொன்ன வாயில்லா, பெருசு," என்றான் கௌதம்ராஜ். "மெஷினே உம்மகிட்ட வரப் பயப்படுது."

எல்லாரும் சிரித்தார்கள். சங்கையாவும் சிரித்தார். முதல் நாள் காலையிலேயே கௌதம்ராஜ் தானே பேசிப் பார்த்திருக்கிறான், அவன் குரலும் ஏறவில்லை என்று நவநீதகிருஷ்ணன் பிறகுதான் எங்களிடம் சொன்னான். சங்கையாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. தன் குரலில்தான் ஏதோ கோளாறு என்று அவர் வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைக்குள் ஏறவில்லையென்றால், கம்ப்யூட்டரே பேசுகிற பொம்பளைக் குரலைப் போட்டுக்கொள்ளப் போவதாக முடிவாகச் சொல்லிவிட்டான். பிச்சையம்மாளை வைத்துக்கொண்டு சங்கையா வேறு எங்கே போவார்? லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் தானே சரி பண்ணி வருவதாகக் கெஞ்சி வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் பிச்சையம்மாளை மெஷினில் போட்டுவிட்டு, தேரடிப் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அன்சாரிடம் போனார். அன்சார் நல்ல மாதிரி. செத்த நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, உங்க தொண்டையில ஒண்ணுமில்ல. நீங்க ஹெட்செட்டுல பேசுதீக, இது லேப்டாப்போட சொந்த மைக்குல காதை வச்சுக்கிட்டு இருக்கு. அந்த மைக்கையும் யாரோ அமத்திப் போட்டிருக்காக."

ரெக்கார்டு பண்ணுகிற இடத்தில் எந்த மைக் என்று கேட்கிறது, அதில் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றார். அந்த லிஸ்டில் இந்த ஹெட்செட்டுக்கே இரண்டு பேர் இருந்தது. ஒரு பேரில் பாட்டு கணீரென்று கேட்கும், ஆனால் பேச்சு ஏறாது. இன்னொரு பேரில் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி மோசமாகக் கேட்கும், ஆனால் பேச்சு அதில்தான் ஏறும். சத்தம் கெட்டுப்போச்சு என்று நினைத்து யாரோ நல்லதாகக் கேட்கிற பேருக்கே மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார் அன்சார். மோசமான பேரைக் கொடுத்து, எல்லாவற்றையும் மூடித் திறந்து, ஹெட்செட்டை சங்கையா தலையில் மாட்டினார்.

"யோசிக்காம, தினம் வாயில வர்றது எதையாவது சொல்லுங்க."

சங்கையா யோசிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் சொன்னதுதான் வாயில் வந்தது. வாரம் இரண்டு தடவை, இரண்டு வருஷமாகச் சொல்லுகிற சொல்.

"பிச்சையம்மாள். கணவர் பேர் சங்கையா. வயது ஐம்பத்தாறு. ராஜபாளையம்."

கோடு எழுந்து ஆடியது. அன்சார் கையைத் தட்டினார். சங்கையா மட்டும் ஹெட்செட்டைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு முகம் வெளுத்து நின்றார். மைக்கில் அவள் பேரைச் சொல்லிவிட்டோமே என்று. அதை அழித்துவிடச் சொன்னார். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிச்சையம்மாளுக்கு மெஷினிலேயே மயக்கம் வந்துவிட்டது. அன்சார் அவசரமாக எல்லாவற்றையும் சேமித்து மூடி, பையில் வைத்துக் கொடுத்து, கடையில் போய் அழித்துக்கொள்ளலாம் போங்கள் என்று அனுப்பினார்.

மறுநாள் சங்கையா கடையில் போய் முதல் வேலையாக அதைத்தான் கேட்டார். கௌதம்ராஜ் அதைப் போட்டுக் கேட்டான். இன்னொரு தடவையும் கேட்டான்.

"நல்ல தெளிவா இருக்கே," என்றான்.

"அதை அழிச்சிருங்க தம்பி. கையெடுத்துக் கும்பிடுதேன்."

"அழிச்சாச்சு," என்றான் அவன்.

சங்கையாவுக்கு லேப்டாப் பார்க்கத் தெரியாது. சொன்னதை நம்பினார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து நாற்பது தெருவும் முப்பது வாக்கியமும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசிக் கொடுத்தார். தேதிகள், மணி, மயானத்தின் பேர் எல்லாம் கேட்டான். எல்லாம் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை போனபோது ஆட்டோ கிளம்பிப் போயிருந்தது. தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றான் கௌதம்ராஜ். அப்புறம் கூப்பிடவில்லை.

அந்த வெயில் காலம் முழுக்க சங்கையா வீட்டில் இருந்தார், அவர் குரல் மட்டும் தெருவில் போனது. ஜட்டி பனியன் தள்ளுபடி என்று சொல்லிக்கொண்டு போகும். அவர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தெருப் பிள்ளைகள் ஆட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிக்கும். பிச்சையம்மாள் உள்ளே படுத்தபடி, "சத்தம் வேலைக்குப் போயிருச்சு, ஆளு போகலையாக்கும்?" என்பாள். அவள் ஒருத்தி சொன்னால் மட்டும் அவருக்கு உறைக்காது.

ஆவணி மாசம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிச்சையம்மாள் இறந்தாள். நான்தான் அவள் வாயில் துளசித் தண்ணீர் விட்டேன். சங்கையா அழவில்லை. வெளியே வந்து சிவபாண்டிக்குப் போன் பண்ணினார்.

"ஏலே, வாரியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர் தலையை ஆட்டிவிட்டு வைத்தார். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அதற்குள் பிச்சையம்மாளின் தம்பி மாரிச்சாமி, மாமாவுக்கு ஏன் சிரமம் என்று, தானாகவே சுப்புராஜ் கடைக்குப் போய் ஆட்டோ சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. பேர் எழுதிக் கொடுக்கவா என்று கேட்டதற்கு, வேண்டாம், பேரு எங்ககிட்ட இருக்கு என்றானாம் கௌதம்ராஜ்.

அவளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் குரல் கேட்டது.

"ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். பிச்சையம்மாள். கணவர் பேர் சங்கையா. வயது ஐம்பத்தாறு. இன்று இறைவன் திருவடி சேர்ந்தார்கள்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். சங்கையா வாசலில் எல்லார் கண் முன்னாலும் வாய் மூடி நிற்கிறார். குரல் அவருடையது. அவள் பேர் வந்த இடத்தில் வருத்தக் குரல்கூட இல்லை. மெஷினில் படுத்திருக்கும் மனைவிக்குச் சீட்டு வாங்குகிறவனுடைய தெம்பான குரல். அடுத்த தெருக்களில் அவரைப் பார்க்காதவர்களுக்கு அது ரெக்கார்டு என்றுகூடத் தெரியாது. பொண்டாட்டி பொணம் வீட்டில் கிடக்க மைக்கைப் பிடித்துக்கொண்டு போகிறான் பார், இவனெல்லாம் மனுஷனா என்று பேசினார்கள். சொந்தக்காரர்கள் சிலர் அதற்காகவே கோடித் துணி போடாமல் திரும்பிப் போனார்கள்.

சங்கையா செருப்பில்லாமல் ஆட்டோவுக்கு முன்னால் ஓடி மறித்தார். ரெண்டு ரவுண்டு சொல்லியிருக்காக, நிறுத்தினா எனக்கு வேலை போயிரும்ணே என்றான் நவநீதகிருஷ்ணன். வளைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சிவபாண்டி மஞ்சள் பையில் தன் மைக்கோடு வந்து இறங்கியபோது இரண்டாவது ரவுண்டும் முடிந்திருந்தது. அவர் பையை அவிழ்க்கவில்லை. சங்கையா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சங்கையா கடைக்குப் போனார். சிவபாண்டியும் கூடப் போனார். சண்டை போடப் போகவில்லை. அதை இப்போதாவது அழித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போனார்கள். கௌதம்ராஜ் எழுந்து நாற்காலி போட்டான். டீ சொன்னான். மரியாதைக்காகத்தான் அவர் குரலிலேயே போட்டதாகவும், அதற்குக் கடையில் காசு ஒன்றும் வாங்கவில்லை என்றும் சொன்னான்.

"அழிக்கச் சொல்லாதீக அண்ணே," என்றான். "அந்த ஒரு வரியில உங்க பேரும் இருக்குல்ல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, எங்க போய்த் தேடுறது?"

நல்ல மனசோடு சொன்னானா, சீண்டினானா என்று சிவபாண்டிக்கு இன்று வரை தெரியவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். சங்கையா டீயைக் குடித்து முடித்து, டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தார். அதைப் போட்டுக்கொள்ளாமலே நடந்தார். சிவபாண்டிதான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.