நாங்கள் மறைத்து வைத்த கடல்

ஆனி மாதத்துக் கடலின் இரைச்சல், தகரக் கூரையின் மேல் யாரோ மூட்டை மூட்டையாக நெல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பதைப் போல, அந்தமானில் எங்கள் வண்டூர் வீட்டின் பின்புறத்திலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே, மழை சற்று விட்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், என் தாயார் தம்முடைய சேலைகளையும், படுக்கைப் பாய்களையும், கடையிலிருந்து எடுத்து வந்த சாக்குப் படுதாவையும் தென்னை மரங்களுக்கு இடையே வரிசையாகக் கட்டிக் கடலை மறைத்துக்கொண்டிருந்தார். இன்று அதே கடலைப் பார்க்க ஆகாய விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற அறைதான் வேண்டும் என்று விடுதிகளில் கேட்டு வாங்குகிறார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம், இதை நாங்கள் ஏன் மறைத்தோம், இவர்கள் ஏன் தேடுகிறார்கள் என்று யோசித்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அக்காலத்தில் எங்கள் தீவுக்கு வேடிக்கை பார்க்க வந்தவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. 'ஜஹாஜ்' என்று நாங்கள் சொல்லும் கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும், மாற்றல் உத்தரவு, ஒப்பந்த வேலை, கடைச் சரக்கு, மகளின் பிரசவம் என்று ஏதேனும் ஒரு காரணம் இருந்தது. காரணமின்றி ஒருவர் கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பாவம், வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று எண்ணி, யாராவது போய் அவரைத் தேநீர் குடிக்க அழைத்து வருவார்கள். கடற்கரை என்பது எங்களுக்கு வீட்டின் பின்புறம், அவ்வளவே. மீன் கழுவிய தண்ணீரை அங்கே கொட்டினோம். கரி பிடித்த பாத்திரங்களை அந்த வெண்மணலால் தேய்த்தோம். 'டுங்கி' எனப்படும் சிறு படகுகளை அங்கே இழுத்துப் போட்டோம். வண்டூரில் நான் அறிந்த எந்த வீட்டின் வாசலும் கடலைப் பார்த்து இருக்கவில்லை. எல்லா வாசல்களும் பஸ் வரும் சாலையையே பார்த்திருந்தன.

என் தந்தையார் கமுதிப் பக்கத்திலிருந்து சாலை போடும் வேலைக்கு வந்து, வேலை முடிந்த பின்னும் திரும்பாமல், வண்டூரில் மளிகைக் கடை வைத்தவர். அவருக்கு நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவள் வசந்தா அக்காள் கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்தாள்; நான் அப்போது பள்ளிக்கூடத்துச் சிறுமி. அக்காளின் கல்யாணம்தான் அந்நாளில் எங்கள் வீட்டின் ஒரே கவலை. 'மெயின்லேண்டு' என்று நாங்கள் சொல்லும் தமிழ்நாட்டு உறவினர்களிடம் ஜாதகம் போய்ச் சேர்வதும், அந்தமான் என்ற சொல் காதில் விழுந்ததும் அது திரும்பி வருவதுமாக ஆண்டுகள் கழிந்தன. தண்டனைக் கைதிகளின் ஊர், காட்டு மனிதர் அம்பு எய்யும் ஊர், போனவர் திரும்பாத ஊர் என்பதே அங்கிருந்தோர் எங்களைப் பற்றி அறிந்திருந்த செய்தி.

இந்த நிலையில், கமுதியிலிருந்து ஓர் அம்மாள் பெண் பார்க்கக் கப்பலேறிவிட்டார் என்று தெரிந்தபோது, வீட்டில் மகிழ்ச்சியைக் காட்டிலும் கலக்கமே மிகுந்தது. பார்வதி அம்மாள் என்பது அவர் பெயர். கணவரை இழந்தவர், ஒரே மகன் முத்தையா தையற்காரர். துணைக்குத் தம் தம்பி சின்னச்சாமியை அழைத்து வந்தார். வண்டூரின் காட்டையும், ஆளரவமற்ற கரையையும், அட்டையையும் பூரானையும் கண்டால் அன்றே மனம் மாறிவிடுவார் என்று அஞ்சிய என் தந்தையார், போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் குடியிருந்த குமாஸ்தா நண்பர் ஒருவரின் அரசாங்க வீட்டைச் சில நாளைக்குக் கேட்டு வாங்கினார். நண்பர் குடும்பத்தோடு மாயாபந்தருக்கு வேலையாகப் போயிருந்தார். மின்விளக்கும் குழாயும் உள்ள அந்த வீட்டில் வைத்து விருந்தாளிகளை வரவேற்று, "கடை வண்டூர்ல, குடியிருக்கிறது இங்க" என்று தந்தையார் சொன்னார். அந்த வீட்டிலும் துறைமுகம் தெரிகிற ஜன்னல் ஒன்று இருந்தது. அதை மட்டும் என் தாயார் சாத்தியே வைத்திருந்தார்.

கப்பல் நிக்கோபார் போய்த் திரும்பும்வரை சமாளித்தால் போதும் என்பது ஏற்பாடு. ஆனால் பருவக்காற்று முற்றிக் கடல் கொந்தளித்ததால், கப்பல் எப்போது திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. சின்னச்சாமி மாமா தினமும் 'ஜெட்டி' என்ற கப்பல் துறைக்குப் போய் விசாரித்துவிட்டு நனைந்துகொண்டு திரும்புவார். வழியில் தமிழ் பேசுகிற எவரைக் கண்டாலும், உங்கள் பாட்டனார் எந்த வழக்கில் வந்தவர் என்று மரியாதையாகக் கேட்பது அவர் வழக்கமாயிற்று. ஒருநாள் ஈரத் துண்டைப் பிழிந்தபடியே தம் அக்காளிடம் சொன்னார்:

"ஏக்கா, நம்ம பொண்ணு பாக்க வந்தமா, தீவாந்தர தண்டனைக்கு வந்தமா? வந்தவன் பூராம் இப்படித்தான் இங்கனயே தங்கிட்டான் போல."

அதற்குள் குமாஸ்தா நண்பர் மாயாபந்தரிலிருந்து மனைவி மக்களோடு திரும்பிவிட்டார். வேறு வழியின்றி, உண்மையான குடியிருப்பு வண்டூர்தான் என்பதைத் தந்தையார் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். பார்வதி அம்மாள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அமர்ந்தார். வழிநெடுகச் சாலையோரத்தில் ஓடிய ஓடைகளையும், நீர் நின்ற வயல்களையும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். காட்டைக் கண்டு பயப்படுகிறார் என்று என் தாயார் எண்ணிக்கொண்டார்.

வண்டூர் வந்து சேர்ந்த அன்று மாலைதான் அந்தச் சேலைத் திரை கட்டப்பட்டது. விருந்தாளிகள் திரைக்கு அப்பால் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. கடலில் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தாயாரைக் கேட்டேன். அவர் முடிச்சுப் போடுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்:

"கடலப் பாத்தா தூரந்தான்டி ஞாபகம் வரும். பொண்ணு கேட்டு வந்தவுகளுக்குத் தூரம் ஞாபகம் வரலாமா?"

கடலைத் தூரம் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. அன்று இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, தூரத்துக்கும் ஓசை உண்டு போலும் என்று வியந்தது நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் காற்று என் காவலைப் பொருட்படுத்தவில்லை. பல் துலக்கிக்கொண்டு நின்ற சின்னச்சாமி மாமாவின் தலையில் என் தாயாரின் கத்தரிப்பூ நிறச் சேலை வந்து விழுந்து சுற்றிக்கொண்டது. அதை உருவிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, அடிவானம் வரையில் ஒரு படகுகூட இல்லாத முழுக் கடலும் எதிரே கிடந்தது. மாமா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அம்புட்டுக் கடலையும் சேலைக்குள்ள முடிஞ்சு வச்சிருந்தீகளாக்கும், தங்கச்சி" என்றார். என் தாயார் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

ஆனால் யாருக்காக அத்தனையும் செய்தோமோ, அந்த அம்மாள் கடலின் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டின் பக்கவாட்டில், சரிவின் அடியில் இருந்த எங்கள் கிணற்றருகே அவர் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். மழைக்காலத்தில் அதன் நீர் விளிம்போடு தளும்பும்.

"ஏத்தா, கயிறு எங்க?" என்று அக்காளைக் கேட்டார்.

"கயிறு எதுக்குங்க அத்தை? குனிஞ்சு மோந்துக்க வேண்டியதுதான்" என்றாள் அக்காள்.

பார்வதி அம்மாள் முழங்கால் ஊன்றி அமர்ந்து, கையை நீருக்குள் விட்டு, ஒரு கை அள்ளிக் குடித்தார். மறுபடியும் அள்ளினார், பிறகு குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதைத் தரையில் விட மனம் வராதவர்போல அக்கம்பக்கம் பார்த்து, எழுந்து நடந்து போய், மிளகாய்ச் செடி ஒன்றின் அடியில் ஊற்றினார். நாள்தோறும் மழை கொட்டுகிற ஊரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தம் முடிவைச் சொன்னார்.

"பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா கட்டிக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

என் தாயார் பதறிப்போய், டவுனில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதையும், நாள் தவறாமல் பஸ் வருவதையும், இந்தக் கரையில் காட்டு மனிதர் எவரும் வந்ததில்லை என்பதையும் ஒரே மூச்சில் அடுக்கினார். பார்வதி அம்மாள் கையமர்த்தினார்.

"அதுக்கில்லத்தா. எங்க ஊருல விடியுமுன்ன கொடத்தத் தூக்கிட்டுப் போயி, ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி, செரட்டையால அள்ளி அள்ளி ரொப்பணும். ஒரு கொடம் ரொம்பறதுக்குள்ள இடுப்பு போயிரும். கையை விட்டு மோந்து வளந்த புள்ளைய அங்க கொண்டுபோயி நான் எதுக்கு வதைக்கணும்?"

எங்கள் ஊர் போதாது என்பார் என்று பயந்திருந்தோம். அவரோ தம்முடைய ஊர் போதாது என்றார். அப்போது, அதுவரை பெரியவர்கள் நடுவே வாயே திறவாத அக்காள், அடுக்களைக்குள்ளிருந்து தெளிவான குரலில் பேசினாள்.

"அப்ப அவுகள இங்க வரச் சொல்லுங்க அத்தை."

என் தாயாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மகனைப் பெண் வீட்டோடு, அதுவும் அந்தமானுக்கு, அனுப்பிவிட்டாள் என்றால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும் என்று சின்னச்சாமி மாமா படபடத்தார். பார்வதி அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு எழுந்து போனார். இருப்பது ஒரு மகன்; அவரைக் கடல் கடத்திவிட்டால் கமுதியில் அந்த அம்மாளுக்குத் தம்பியை விட்டால் ஒருவரும் இல்லை. அன்றைக்கு அதையெல்லாம் எடை போட எனக்கு வயது போதாது. கப்பல் வரும்வரை அவர் கிணற்றடியிலேயே பெரும்பொழுதைக் கழித்தார் என்பதையும், தேய்த்த பாத்திரங்களையே மறுபடி தேய்த்தார் என்பதையும் மட்டும் கவனித்தேன். கடலைப் பார்க்க வருகிறீர்களா என்று ஒருநாள் கேட்டதற்கு, "உப்புத் தண்ணியில என்னத்தா இருக்கு பாக்கறதுக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கப்பலேறும் நாளில், ஜெட்டியில் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் முன்னர், என் தந்தையாரைப் பார்த்து, மகனை அனுப்பி வைப்பதாகவும், வீட்டைப் பூட்டிவிட்டுத் தாமும் வருவதாகவும், வீட்டைக் கருவேல மரம் காவல் காக்கும் என்றும் சொன்னார். ஊர் சிரிக்குமே என்று மாமா மறுபடி தொடங்கினார்.

"ஊரு எனக்கு ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து ஊத்தட்டும். பெறகு சிரிக்கட்டும்" என்றார் பார்வதி அம்மாள்.

சொன்னபடியே காற்று தணிந்த பருவத்தில் தாயும் மகனும் வந்தார்கள். போர்ட் பிளேர் முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. அத்தான் எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே தையல் இயந்திரம் போட்டார். பார்வதி அத்தை பல்லாண்டுகள் எங்களோடு வாழ்ந்து, அங்கேயே கண்ணை மூடினார்.

பின்னர் வண்டூருக்கு வேடிக்கை பார்ப்பவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒருவர் இருவராக வந்தார்கள். படகுக்குக் கண்ணாடி அடித்தளம் வைத்துப் பவழப் பாறைகளைக் காட்டத் தொடங்கிய பின், பஸ் பஸ்ஸாக வந்தார்கள். எங்கள் கண்ணுக்குப் புறக்கடையாக இருந்த ஒன்று அவர்கள் கண்ணுக்கு எப்படி முன்வாசல் ஆயிற்று என்று அறிய, நானும் சில மாலைகளில் அவர்கள் நடுவே நின்று, அவர்கள் பார்த்த திசையில் பார்த்ததுண்டு. சூரியன் இறங்குவது அழகாகத்தான் இருந்தது. அத்தனை ஆண்டுகளில் அதை ஒருமுறையேனும் நின்று பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்பதும் வியப்பாகவே இருந்தது.

சுனாமியில் அந்தப் பக்கத்து நிலமே தாழ்ந்துவிட்டது. வீடும், கடையும், தென்னைகளும், கிணறும் இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. நாங்கள் டெலானிபூர் மேட்டுக்குக் குடிவந்தோம்; இந்த முறை சொந்த வீடு. வண்டூர்ச் சாலையில் விடுதிகள் பெருகி, அவற்றுக்கு லாரிகளில் தண்ணீர் போகிறது. எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். கோடையில் அதுவும் நிச்சயமில்லை. வெறிச்சோடிய கரை போய்விட்டதற்காக நான் அவ்வளவாக வருந்துவதில்லை. பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும். கயிறு வேண்டாத கிணறு என்று ஒன்று இருந்ததைச் சொன்னால், இங்கே பிறந்த பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள் என்பதுதான் மனத்தில் தைக்கிறது.

சென்ற மாதம் அக்காளின் பேத்தியைப் பெண் பார்க்கத் தாம்பரத்திலிருந்து வருவதாகத் தொலைபேசியில் பேசினார்கள். மாப்பிள்ளையின் தாயார் கேட்ட முதல் கேள்வி, வீட்டிலிருந்து கடல் தெரியுமா என்பது. தெரியும் என்று பேத்தி சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, விருந்தாளிகள் வருமுன் ஒரு லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பிவிட்டால் அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று அக்காளின் மகன் பக்கத்தில் மெல்லச் சொன்னான். அக்காள் பேத்தியின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"வாங்கம்மா, நல்லா வாங்க. கடல் தெரியும். ஆனா ஒண்ணு சொல்லிருறேன். தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

மறுமுனையில் அந்த அம்மாள் சிரித்தார்.

"இங்க மட்டும் என்னங்க, எங்களுக்கும் லாரித் தண்ணிதான்."