ஓராண்டு தாமதமாக வந்த தண்ணீர்

பொன்னேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வருவார். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். விரல் நுனியெல்லாம் கீறல். எத்தனை முறை சொன்னாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். புடவை ஈரம் என்பார்.

குப்பத்துக் கிணறு உப்பாகிவிட்டது. குடிநீர்த் தொட்டிக்கு அரசு நிதி கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். கிராமசபைத் தீர்மானம், நிலச் சான்று என்று நான் கேட்டதையெல்லாம் அலைந்து கொண்டுவந்தார். மேலே அனுப்புவது மட்டும்தான் பாக்கி. அதை வேறொரு கோப்புக்கு அடியில் வைத்து மறந்துபோனேன். கண்ணில் பட்டபோது கடைசித் தேதி கடந்திருந்தது.

"இன்னா சார் ஆச்சு?" என்று வந்து கேட்டார்.

"மேல தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா" என்றேன்.

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? அவ்ளோ பாடுபட்டு எழுதனீங்க. அடுத்த வருசம் போடலாம்னு எங்க ஆளுங்க கைல சொல்லிக்கிறேன்."

மறு ஆண்டு மனுவை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதி கிடைத்தது, தொட்டி கட்டினார்கள். திறப்பு நாளில் என்னை வற்புறுத்தி அழைத்துப் போனார். குழாயைத் திறந்து, முதல் செம்புத் தண்ணீரை எல்லாரும் பார்க்க என்னிடம் நீட்டினார்.

"சார் இல்லன்னா இது வந்திருக்காது."

அந்த ஓராண்டும் குப்பத்துப் பெண்கள் அடுத்த ஊரிலிருந்து குடம் சுமந்தது எனக்குத் தெரியும். சொல்லிவிட வாய் திறந்தேன். பிறகு செம்பை வாங்கிக் குடித்தேன்.