‘வேண்டாம்’ என்றால் மறுபடி கேட்கவும்

மைசூரில் ஹூட்டகள்ளிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் எனக்குக் கையேடு எழுதும் வேலை. ஏஐ ஏஜென்ட் என்கிற மென்பொருள் தானே ப்ரவுசரைத் திறந்து, தேடி, தட்டி, பட்டனை அமுக்கி வேலையை முடிப்பதற்கு ஒரு கருவி செய்திருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் எழுத வேண்டும். யாருக்கு? அந்த ஏஜென்டுக்கே. “மனுஷ்யரு யாரூ ஓதல்ல” என்றார் மேனேஜர், கன்னடத்தில். மனிதர் யாரும் படிக்கப்போவதில்லையாம். இத்தனை நாள் எழுதியதை மட்டும் யார் படித்துக் கிழித்தார்கள் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் இந்த வாசகர் படித்தார். அதுதான் தொல்லை. “பக்கம் முழுதாக வரும்வரை காத்திரு” என்று எழுதினேன். விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பக்கத்தின் முன்னால் அது காலையிலிருந்து மத்தியானம் வரை காத்திருந்தது. மாமியார் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்து பழிவாங்கும் மருமகள்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்யமாட்டாள். ஒரு விதியை மட்டும் நான் பெருமையாக எழுதியிருந்தேன்: கடைசி பட்டனை அமுக்கும் முன் உரியவரிடம் கேள், வேண்டாம் என்றால் நிறுத்திவிடு.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ஹனூரில் சோள வியாபாரம் செய்தவர், இப்போது என்னோடு இருக்கிறார். “முத்திப்போச்சு, இனி தள்ளாதீங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். டம்ளருக்குப் பக்கத்தில் காபியை ஊற்றுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது இணையத்தில் மட்டும்தான். பதிவு திறந்த கையோடு எல்லா இடமும் போய்விடும். அந்த நேரம் பார்த்து எனக்கு மீட்டிங். நம் ஏஜென்ட் பின்னே எதற்கு இருக்கிறது? போனில் ஏற்றி அப்பா கையில் கொடுத்து, “அது கேட்டா சரின்னு சொல்லுங்கப்பா” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் நாள் குறிக்கவில்லை. போனில் பதிவாகியிருந்த பேச்சைக் கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை காலை இடம் இருக்கிறது. பதிவு செய்யட்டுமா?” என்றது ஏஜென்ட்.

“வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்றார் அப்பா.

“சரி. நிறுத்திவிட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏம்ப்பா வேண்டாம்னீங்க?”

“கேட்ட ஒடனே சரின்னா அலையறான்னு நெனைக்காதா?”

“யாரு? அது மெஷினுப்பா!”

“மெஷினா இருந்தா என்ன? நம்ம மரியாத நமக்கு. இன்னொருக்கா கேக்கும்னு பாத்தேன். வெடுக்குனு போயிருச்சு. வளத்தவங்க சரியில்ல.”

வளர்த்தவள் நான்தான். தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் சாப்பிடக் கூப்பிட்டால் யாரும் எடுத்த எடுப்பில் சரி என்பதில்லை. இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை “சரி, ஒரு வாய்” என்று உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுவதுதான் வழக்கம். மறுநாளே கையேட்டில் சேர்த்தேன்: “சில வீடுகளில் முதல் வேண்டாம், வேண்டாம் அல்ல. மூன்று முறை கேள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பிரியமாகக் கேள்.”

இது பயனரிடம் இருக்கும் கோளாறா என்று கருவியைச் சோதித்துப் பார்க்கும் வெளிநாட்டுக் குழு கேட்டது. கோளாறு இல்லை, வழக்கம் என்று பதில் போட்டேன். மேனேஜர் “நம்மனேலூ ஹீகே” என்று சிரித்தார். அவர் வீட்டிலும் இப்படித்தானாம். சோதனையில் ஒரு வெள்ளைக்காரர் பயணக் காப்பீடு வேண்டவே வேண்டாம் என்றிருக்கிறார். மூன்றாவது தடவை அவ்வளவு பிரியமாகக் கேட்டதும் கூச்சப்பட்டு வாங்கிவிட்டாராம்.

அடுத்த பதிவு திறக்கும் காலையில் லீவு போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஏஜென்ட் கேட்டது. “வேண்டாங்க” என்றார். மறுபடி கேட்டது. “அட, பரவால்லைங்க.” மூன்றாவது தடவையும் கேட்டது. அப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், “பயமா இருக்குதுங்க” என்றார்.

ஏஜென்ட் வாயடைத்து நின்றது. ‘சரி’, ‘வேண்டாம்’ இரண்டுக்கும்தான் நான் விதி எழுதியிருந்தேன். திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீ ஒருக்காக்கு மேல எங்க சாமி கேக்கறே?”

சுருக்கென்றது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“ஆபரேஷன் அன்னைக்கு உள்ள வரைக்கும் நானும் வரட்டுமாப்பா?”

“வேண்டாஞ் சாமி, உனக்கு ஆபீஸ் இருக்குது.”

இன்னும் இரண்டே இடம்.

“வரட்டுமாப்பா?”

“அட, உனக்கு எதுக்குச் சிரமம்?”

ஒன்றுதான் மிச்சம். கத்திவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக, “நான் வரட்டுமாப்பா?” என்றேன்.

“கையப் புடிச்சுக்குவியா?” என்றார்.

தலையாட்டினேன். அது அவர் கண்ணுக்குத் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. கையைப் பிடித்தேன். அப்பா போன் பக்கம் திரும்பி, “சரிங்க, அமுத்துங்க” என்றார்.